டுராக்கோ ஜோடியும் கோழிக்கடைக் கனியும்

கோழிக்கடைப் பிச்சைக்கனியிடம் அடி வாங்காதவன், கரமனையில், ஒன்று ரொம்ப நல்லவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குப் புதியவனாக இருக்க வேண்டும். மீசை முளைக்கும் முன்னே, நாங்குநேரிப் பக்கத்தில் தாய்மாமன் மண்டையை மண்வெட்டிக் காம்பால் உடைத்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி, எல்லை தாண்டித் தம்பானூரில் வந்து இறங்கியவன் அவன். அங்கே ஒரு ஓட்டலில் எச்சில் இலை எடுத்தான். கொதிக்கிற சாம்பாரை இவன் காலில் சிந்திவிட்டுச் சிரித்த சப்ளையருக்கு அதே வாளியால் ஒன்று வைத்தான். அந்த ஆளின் முன்பல் சாம்பாருக்குள்ளேயே விழுந்தது. பிறகு சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டை தூக்கினான். அங்கேயும் ஒருவனுக்குத் தாடை விலகியது. கடைசியில் சொந்தமாகக் கோழிக்கடை போட்டான். கடை வந்ததும் ஆள் அடங்கிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அடங்கவில்லை. விடிந்ததிலிருந்து கழுத்தைத் திருகிக்கொண்டிருக்கிறவனுக்குச் சாயங்காலம் கையில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன் மாடியில் பறவை வளர்த்தான். லவ்பேர்ட்ஸ், காக்டெயில், ஃபின்ச். எல்லாம் விதை தின்கிற சாதி. தினை போடு, தண்ணீர் வை, ஒரு சட்டியைக் கட்டித் தொங்கவிடு, அதுபாட்டுக்கு முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கும். "கீழ கொலை, மேல தொட்டில்" என்பாள் அவன் மனைவி பிரேமா. போனக்காடு எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் அட்டைக்கும் பன்றிக்கும் நடுவே வளர்ந்தவள். கனியைப் பார்த்து அவள் பயந்ததாகச் சரித்திரம் இல்லை.

நேமத்தில் ஞானபாய் வீட்டுக்கு அவன் போனது ஒரு காக்டெயில் பேடு வாங்கத்தான். ஞானபாய் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். பின்கட்டு முழுக்கக் கூண்டு. கடைசிக் கூண்டில் காக்கை அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. பச்சை உடம்பு, தலையில் சீப்பு போலக் கொண்டை, கண்ணைச் சுற்றிக் குங்குமம் அப்பிய மாதிரி வளையம். கனி கிட்டே போனதும் பறந்தது. பறந்தபோதுதான் பார்த்தான். சிறகுக்கு உள்ளே அத்தனையும் சிவப்பு, அப்போதுதான் அறுத்தது போல. காக்டெயிலை மறந்துவிட்டான்.

"டுராக்கோ. ஆப்பிரிக்கா சாதி" என்றாள் ஞானபாய். "சாஃப்ட்பில்லு. விதை உடைக்காது. பழமும் புழுவுந்தான் தீனி."

"ஜோடி உண்டா அக்கா?"

"உண்டு. நடுவுல வலை போட்டு வச்சிருக்கேன். இந்தக் களவாணிப்பய ஏற்கெனவே ஒரு பொட்டையைக் கொன்னவன். தலைத்தோலை உரிச்சிட்டான்."

கனி சிரித்தான். "ஆளு நம்ம சாதிதான்."

அதற்குப் பிறகு அவன் அடிக்கடி நேமத்துக்குப் போக ஆரம்பித்தான். கூண்டு கழுவினான், பப்பாளி அரிந்தான், பட்டியல் போட்டு அவள் திட்டுகிற திட்டையெல்லாம் வாங்கினான். ஞானபாய்க்கு முட்டி தேய்ந்துவிட்டது. குனிய முடியாது. ஒருநாள் அவளே பேச்சை எடுத்தாள்.

"ஜோடியைக் கொண்டு போறியாடே? காசு வேண்டாம். முதல் குஞ்சு எனக்கு, அடுத்தது உனக்கு."

"இப்பவே கொண்டு போறேன்."

"அவசரப்பட்டுச் சாடாத. நீ தயாரான்னு நான் பாக்கணும்."

"நாள் முழுக்கக் கோழி அறுக்கேன். ஒரு பறவையை வளக்கத் தெரியாதா எனக்கு?"

"அதான் எனக்குப் பயம். நீ அறுக்கறவன்" என்றாள் அவள். "கேட்டுக்கோ. நீளக் கூண்டு வேணும், பொட்டை ஓடணும்லா. ரெட்டைக் கதவு. அவ ஒளியறதுக்கு உள்ள செடி. குஞ்சு வந்தா உயிருள்ள புழு நீயே வளக்கணும். கடையில மிஞ்சின ஈரலைக் கொண்டு போட்டுராத, இரும்புச்சத்து கூடி இதுக்க ஈரல் கெட்டுப்போவும். வலையை எப்பத் திறக்கணும்ன்னு நான் வந்து சொல்லுவேன். திறக்கறதுக்கு முன்ன ஆணுக்கு ஒரு பக்கத்துச் சிறகை வெட்டணும், அப்பதான் துரத்த முடியாது. பொட்டைக்க எடத்துக்குத்தான் ஆணை விடணும். அவனுக்க எடத்துக்கு அவளை விட்டா தீர்ந்துது. என்ன?"

"சரிக்கா."

"தயாரா?"

"தயார்" என்றான். அவள் சொன்னதில் பாதி ஆயாக்களுக்கே உரிய பயம் என்று மனதுக்குள் கழித்துக்கொண்டான்.

ஆனால் கூண்டை ஒழுங்காகத்தான் கட்டினான். மாடியின் நீளம் முழுக்க, இரும்புச் சட்டம், இரட்டைக் கதவு, நடுவே வலை, தொட்டியில் அரளியில்லாத நல்ல செடிகள். பறவைகள் வந்தன. கடை அடைத்ததும் குளித்துவிட்டு நேரே மாடிதான். பிரேமாவுடன் சண்டை போடக்கூட நேரமில்லை. கடையில் எடை குறைவு என்று கத்திய ஒருவனை அடிக்காமல் அனுப்பினான் என்ற செய்தி தெரு முழுக்கப் பரவியது.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை. ஆண் ஒரு துண்டுப் பப்பாளியைக் கவ்விக்கொண்டு வந்து, வலைக்கண் வழியாகப் பேட்டின் வாயில் வைத்தது. பேடு வாங்கித் தின்றது. மறுபடியும் கொண்டு வந்தது.

கனி ஞானபாய்க்குப் போன் போட்டான். "ஊட்டுதுக்கா. திறந்திரட்டா?"

"திறக்காத. ஊட்டறவன்தான் கொத்துவான். திங்கக்கிழமை வாறேன். வந்து பாத்துட்டு, சிறகை வெட்டிட்டு விடுவோம்."

சிறகை வெட்டுவது என்றதும் அவனுக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தானே விழுந்தான். கோழிக்காரனுக்கு இதற்கெல்லாம் ஒரு வழி தெரியும். புதுப் பெட்டையைப் பகலில் விட்டால் சேவல் கொத்தும். பொழுது மயங்கும்போது, சேவல் கண் மங்கி உட்கார்ந்த பிறகு, பெட்டையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். விடியும்போது இரண்டும் ஒன்றாக எழும்பும். பழகின மாதிரியே இறங்கி இரை பொறுக்கும். அவன் அப்பன் அப்படித்தான் செய்தான், இவனும் எத்தனையோ தடவை செய்திருக்கிறான். ஒருபோதும் பிசகினதில்லை. மேலும், பெட்டையைத்தானே சேவலிடம் கொண்டு போவார்கள். சேவலைத் தூக்கிக்கொண்டு பெட்டை வீட்டுக்குப் போகிற வழக்கம் எந்த ஊரில் உண்டு?

பொழுது மயங்கியது. பேட்டைப் பிடித்து, ஆணின் கிளையில் ஆணை ஒட்டி வைத்தான். இரண்டும் அசையவில்லை. பார்த்தாயா என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இறங்கி வந்து, நன்றாகத் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையில் விடியும் முன்பே கூட்டம் நிற்கும். கனி முழங்கை வரை ரத்தத்தோடு நின்றபோது போன் அடித்தது. பிரேமா.

"மேல வாங்க. உங்க மாப்பிள்ளை பொண்ணைக் கொல்லுறான்."

"கதவைத் திறந்து விரட்டு."

"போனேன். முகத்துக்கு நேரா வருது. நீங்க வாங்க."

அறுத்த கோழி டிரம்முக்குள் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. அப்படியே போட்டுவிட்டு, தோளில் துண்டும் இடுப்பில் ஏப்ரனுமாக ஓடினான்.

பேடு கூண்டின் மூலையில் தொட்டிக்கும் கம்பிக்கும் நடுவே செருகிக் கிடந்தது. கொண்டை இல்லை. தலைத்தோல் பின்பக்கம் கழன்று, கழுத்தில் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. ஒரு கண் மூடியிருந்தது. ஆண் அதன் முதுகில் ஏறி நின்று, அவசரமே இல்லாமல், மண்டை ஓட்டில் கொத்திக்கொண்டிருந்தது. டக், டக் என்று கேட்டது. தரையெல்லாம் பச்சை இறகு.

கனி உள்ளே பாய்ந்தான். ஆண் திரும்பி அவன் முகத்தில் வந்து விழுந்தது. நகம் புருவத்தைக் கிழித்தது. கண்ணில் ரத்தம் இறங்கியது. அவன் கெட்ட வார்த்தை சொன்னான். இடது கை தானாகப் போய்க் காலிரண்டையும் பிடித்தது. வலது கை கழுத்தைக் கண்டுபிடித்தது. கட்டைவிரல் தாடைக்குக் கீழே, ஒரு இழுப்பு, ஒரு மடிப்பு. தினமும் செய்கிற காரியம். சத்தம்கூட அதே சத்தம்.

சிறகு மட்டும் விரிந்து அடித்தது, உள்பக்கச் சிவப்பு முழுவதும் தெரிய. பிறகு நின்றது.

வாசலில் நின்ற பிரேமா கேட்டாள், "என்ன பண்ணிட்டீங்க?"

அவன் கையைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

பேட்டுக்கு உயிர் இருந்தது. பிரேமா ஒரு அட்டைப்பெட்டியில் அதை வைத்து மூடினாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டாள். ஆண் ஒரு கடைப் பையில், ஹேண்டிலில் தொங்கியது. கனி நேமத்துக்கு விரட்டினான்.

ஞானபாய் பெட்டியைத் திறந்து பார்த்தாள். உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, தோலை இழுத்து மண்டையில் பொருத்திவைத்தாள். அதன் பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஆண் எங்க?"

கனி பையை நீட்டினான். அவள் உள்ளே கைவிட்டுத் தூக்கினாள். தலை தொங்கி ஆடியது. கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஆயாவுக்குத் தெரியாதா.

"இது பொட்டை கொன்னதில்ல."

"நான்தான்."

அடித்தாள். கன்னத்தில், முழுக்கையால். ஊரில் கனியை அறைந்துவிட்டுத் தன் காலால் நடந்து போனவன் கிடையாது. பிரேமா சட்டென்று அவன் கையைப் பார்த்தாள். கை தொங்கித்தான் கிடந்தது.

"துண்டு எங்க கெடந்துது?" என்று கேட்டாள் ஞானபாய்.

"என்ன துண்டு?"

"உனக்க தோள்ல கெடக்கே, அது. எடுத்து அவன் மேல போட்டு மூடியிருந்தா இருட்டுன்னு நெனச்சு அடங்கியிருப்பான். அவ்வளவுதாண்டே. வேற ஒண்ணும் வேண்டாம்."

கனி தோளைத் தொட்டுப் பார்த்தான். துண்டு இருந்தது.

"அவன் கொத்துனான்க்கா. கண்ணுல ரத்தம்..."

"கொத்தத்தான் செய்வான். அதுக்குத்தானே உன்னை வச்சது? போ. எனக்க முன்ன நிக்காத."

செய்தி பறவைக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடியது. மறுவாரம் சிபி கடைக்கு வந்தான். சிபி பறவை வாங்கி விற்கிறவன், விதுராவில் பெரிய கூண்டு வைத்திருக்கிறான். கல்லாப் பக்கம் சாய்ந்துகொண்டு, "விடு அண்ணா" என்றான். "சாஃப்ட்பில்லுல இது சாதாரணம். என்கிட்ட ஸ்டார்லிங் ஒரு ஜோடி உண்டு. பாவம் சாதனம், ஒண்ணையும் கொத்தாது. தொடங்கறதுக்கு அதான் நல்லது. யாருக்கும் ஒரு தெற்று பற்றும்லே? தப்பு செய்யாதவன் யாரு?"

கனி கூண்டிலிருந்து ஒரு கோழியை எடுத்தான். "வேண்டாம் சிபி."

"பேடிச்சிட்டியா? பயமா?"

"தெற்று பற்றல டே. யோசிச்சுப் பண்ணியிருந்தா தெற்றுன்னு சொல்லலாம். எனக்கு வேற ஒண்ணும் தோணவே இல்ல. துண்டு தோள்ல இருக்கு, எனக்குத் தோணல." கோழியின் கழுத்தை மடக்கினான். "அதுக்கு ஏத்த ஆளு நான் இன்னும் ஆகல. ஆகும்போது சொல்லுதேன். நீ எடத்தைக் காலி பண்ணு, யாவாரம் நடக்கட்டும்."

சிபி போன பிறகும் அந்தக் காலியான நீளக் கூண்டு மாடியில் நின்றது. பிரேமா அதில் துணி காயப்போட்டாள். ஒருநாள் கனி கடப்பாரையோடு ஏறி இரண்டு சட்டத்தை வளைத்தான். "அது என்ன செஞ்சுது உங்களை?" என்று கேட்டாள் அவள். கடப்பாரையைக் கீழே போட்டான். ஞானபாய் வீட்டில் அந்தப் பேடு தலையில் தோல் காய்ந்து, சின்னக் கூண்டில் பறக்க இடமில்லாமல் உட்கார்ந்திருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

வளைந்ததை நிமிர்த்தினான். கூண்டைத் துண்டுதுண்டாகக் கழற்றி, பெட்டி ஆட்டோவில் ஏற்றி நேமத்தில் கொண்டு இறக்கினான். ஞானபாய் கேட்டைத் திறந்தாள். திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பின்கட்டில் சட்டங்களை நிறுத்தி, மரத்தூணோடு சேர்க்க முதல் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கி அடித்தான். பக்கத்துக் கூண்டில் பேடு பதறிக் கம்பியில் மோதியது. மொட்டைத் தலையில் ஒரு துளி ரத்தம் துளிர்த்தது.

"அடிக்காத" என்றாள் ஞானபாய் உள்ளேயிருந்து. "அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது. ஸ்க்ரூ போடு."

"நேரம் பிடிக்கும்க்கா."

"பிடிக்கட்டும்."

சுத்தியலைத் தரையில் வைத்தான். திருப்புளியை எடுத்து, பேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, சத்தம் வராமல் முதல் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்தான்.