417ஆம் இலக்கக் கப்

சித்தி என்ன வேலை செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், "சிப்ஸ் செய்யிறவ" என்பேன். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உணவு விஞ்ஞானி எண்டு சொல்லு. நாலு வருஷம் கம்பசில படிச்சது சிப்ஸ் பொரிக்கவே?"

அம்மாவின் தங்கையான சித்தி, வெள்ளவத்தை மாடிவீட்டில் எங்களோடு இருந்துகொண்டு ஒரு நொறுக்குத்தீனிக் கம்பனிக்கு வேலைக்குப் போய் வந்தார். பொரிப்பது வேறு ஆட்கள். அது எத்தனை மாதம் கெடாமல் மொறுமொறுக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் சித்தியின் வேலை.

எனக்கு எட்டு வயதானபோது, மிளகும் கறிவேப்பிலையும் போட்ட மரவள்ளிக்கிழங்குச் சிப்ஸ் ஒன்றைச் சித்தி முதன்முதலாகத் தனியே உருவாக்கினார். அது கடைக்குப் போனால்தான் வேலை நிரந்தரம். தீபாவளிக்கு முன்னர் இறக்கவேண்டுமென்று மனேஜர் ஒற்றைக்காலில் நின்றார். கம்பனியில் ருசி பார்த்த எல்லோரும் நல்லது என்றுவிட்டார்கள். மனேஜருக்கு முன்னால் யார்தான் குறை சொல்வார்கள்? சித்திக்கு மனம் ஆறவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அயல்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

ஆளுக்கு மூன்று காகிதக் கப்பில், வெவ்வேறு காலம் வைத்திருந்த சிப்ஸ். பெயர் இல்லை, இலக்கம் மட்டும். ஒன்றைத் தின்றதும் தண்ணீர் குடித்து, கிரீம் கிறேக்கர் ஒரு துண்டு கடித்துவிட்டுத்தான் அடுத்தது. கதைக்கக்கூடாது, மனதில் பட்டதைத் தாளில் எழுதவேண்டும்.

எங்கள் சனத்திடம் இது நடக்கிற காரியமா? கீழ்வீட்டு அன்ரி நல்ல சேலை உடுத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஒரு வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு அங்கேயே இருந்து குறை எழுதுவதாவது! வந்த எட்டுப் பேரும் மூன்று கப்புக்கும் 'மிகவும் நன்று' என்று எழுதினார்கள். அன்ரி அடியில் 'கடவுள் ஆசீர்வதிப்பாராக' என்றும் சேர்த்தார்.

அம்மா என் காதுக்குள் சொன்னார்: "எல்லாத்துக்கும் நல்லம் எண்டு எழுது. சித்தியின்ர வேலை இதிலதான் கிடக்கு."

இரண்டு கப்புக்கு அப்படியே எழுதினேன். மூன்றாவது 417. எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, 'இது கூடாது, பழைய எண்ணெய் மணக்குது' என்று எழுதிவிட்டேன்.

சித்தி என் தாளைக் கனநேரம் பார்த்தார். அந்தக் கப்பை எடுத்து மணந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"மூண்டு மாசம் வச்ச பைக்கற் இது. எனக்கு மணந்து மணந்து பழகிப்போச்சு," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அம்மா என் தொடையில் கிள்ளினார். "பெரிய நீதவான் வந்திட்டா!"

திங்கட்கிழமை சித்தியே மனேஜரிடம் போய், சிப்ஸை இறக்கவேண்டாம் என்று சொன்னாராம். தீபாவளி வந்து போனது. வேலை நிரந்தரமாகவில்லை. சித்தி தினமும் இருட்டியபிறகுதான் வீட்டுக்கு வந்தார், யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. எல்லாம் நான் எழுதிய அந்த ஒரு வரியால்தான் என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். இனி யார் எதைத் தின்னத் தந்தாலும் நல்லம் என்றே சொல்வேன் என்று பிள்ளையாரிடம் சத்தியம் செய்துகொடுத்தேன்.

அடுத்த சித்திரை வருடப்பிறப்புக்குக் கொஞ்சம் முன், சித்தி படியேறி ஓடிவந்தார். கையில் வெள்ளியாக மினுங்கும் புதுவிதப் பைக்கற்.

"இந்தப் பைக்கற்றில அஞ்சு மாசம் வச்சது அக்கா, ஒண்டும் ஆகேல்ல! நாளைக்கு எங்கட காலி வீதிக் கடையளுக்குப் போகுது. வேலையும் நிரந்தரமாக்கிப் போட்டினம்!"

அம்மா கட்டிப்பிடித்து அழுதார். சித்தி பைக்கற்றைக் கிழித்து, முதல் துண்டை அம்மாவுக்குக்கூடக் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"நல்லம் சித்தி, நல்ல நல்லம்!" என்றேன், வாயில் வைக்கும் முன்னமே.

சித்தியின் முகம் அப்படியே விழுந்துபோனது. நல்ல வார்த்தைதானே சொன்னேன், இதற்கேன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

"முதல்ல சாப்பிடடி," என்றார்.

சாப்பிட்டேன். உண்மையாகவே அருமையாக இருந்தது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சித்தி ஏன் நம்பாதவர்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.