ஆரஞ்சு விளக்கும் பொழுதோடு சாப்பாடும்

காரை விற்கிறவருக்குக் கைகுலுக்கல், சர்வீஸ் கவுன்டரில் நிற்கிறவருக்குப் புகார். எங்கள் தொழிலில் பாகப்பிரிவினை இப்படித்தான்.

திருவண்ணாமலை வேலூர் ரோட்டில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் நான் கவுன்டர் மேடம். பேங்க், கரண்ட் ஆபீஸ், ரயில் டிக்கெட் என்று எங்கே கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தாலும், நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நாம் செய்யாத தப்புக்கு நம் முகத்தைப் பார்த்துத்தானே திட்டுகிறார்கள்.

என் விஷயத்தில் தப்பு செய்தது புகை. இப்போது புகைச் சோதனை ரொம்பக் கெடுபிடி. புது மாடல் வண்டியைச் சோதனைக் கூடத்துக்குள் வைத்து அளந்தது போதாதென்று ரோட்டில் ஓட்டியும் அளக்கிறார்கள். அதில் பாஸாக வேண்டுமென்று சைலன்சருக்குள் ஃபில்டர், அங்கங்கே சென்சார், அத்தனைக்கும் நாட்டாமையாக ஒரு கம்ப்யூட்டர் என்று வைத்துவிட்டார்கள். காற்றுக்கு நல்லதுதான். எனக்குத்தான் விளக்கிச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரங்கள்தான். ஒருவருக்கு மட்டும் இந்தப் புகையால் பிழைப்பே ஆட்டம் கண்டது. அவர் நடுநடுவே வருவார், பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியார் இல்லாத சோதனை

அடி அண்ணாமலையில் தேங்காய்க் கடை வைத்திருப்பவர் ஒருவர். வண்டி வாங்கிய பத்து நாளில் வந்து, புத்தகத்தில் போட்ட மைலேஜில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது என்று கவுன்டரைத் தட்டினார். எங்கே ஓட்டினீர்கள் என்று கேட்டேன். குடும்பத்தோடு காரிலேயே கிரிவலம் போயிருக்கிறார். பெரியவர்கள் ஐந்து பேர், மடியில் பிள்ளைகள், ஏசி, எட்டு லிங்கத்துக்கும் எட்டு தடவை நிறுத்தம், நடுவில் சுண்டல்.

புத்தகத்து மைலேஜை எப்படி அளக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். மூடிய கூடம், உருளைமேல் வண்டி, ஒரே ஒரு டிரைவர், ஏசி கிடையாது, எப்போது எவ்வளவு வேகம் என்பது முன்கூட்டியே முடிவு செய்தது. ஊரில் ஓட்டினால் கம்மியாகத்தான் வரும், பழைய வண்டிக்கும் அப்படித்தான் வந்தது, அப்போது யாரும் அளந்து பார்க்கவில்லை என்றேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"அடுத்த தபா டெஸ்ட் பண்ணும்போது எங்க மாமியார இட்டுனு போகச் சொல்லுங்க மேடம். நெஜ மைலேஜ் அப்பதான் தெரியும்."

ஏழுமலை வருகிறார்

ஏழுமலை ஐம்பதைத் தாண்டியவர். பழைய வேனைக் கொடுத்துவிட்டு எங்களிடம் டீசல் கார் வாங்கினார். ஒரு லாட்ஜுக்குத்தான் முழுநேர ஓட்டம். அங்கே வந்து தங்குகிற, நடக்க முடியாத பெரியவர்களைக் காரில் கிரிவலம் சுற்றிக் காட்டுவார். ஒவ்வொரு லிங்கத்திடமும் நிறுத்தி, அவர்கள் கும்பிட்டுத் திரும்பும்வரை ஏசிக்காக இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பார். ஏறியதும் மறுபடி ஊர்வலம் போவார். அவர் வண்டியின் வேக முள் நாற்பதுக்கு மேல் போனதே இல்லை. அதில் அவருக்கு அசாத்தியப் பெருமை.

ஒருநாள் டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது என்று வந்தார். எங்கள் டெக்னீஷியன் சலீம் பார்த்துவிட்டு, "ஃபில்டர் நெறைஞ்சிடுச்சு" என்றார். புகையில் வருகிற கரியை அந்த ஃபில்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி அறுபதுக்கு மேலே, நிற்காமல் ஒரு இருபது நிமிஷம் ஓடினால் சூடேறித் தன் கரியைத் தானே எரித்துவிடும். நின்ற இடத்தில் இஞ்சின் ஓடினால் கரி சேருமே தவிர எரியாது. சலீம் கம்ப்யூட்டரை மாட்டி எரித்துக் கொடுத்தார். இனிமேல் அப்பப்போ பெரிய ரோட்டில் வேகமாகப் போய்வாருங்கள் என்று நான் சொன்னேன். ஏழுமலைக்கு அது பிடிக்கவே இல்லை.

"எங்க ஊர்ல மலைய சுத்தி மெதுவா போனாதான் புண்ணியம்னு சொல்றாங்க. உங்க வண்டி மட்டும் அத பாவம்னு சொல்லுதா மேடம்?"

கற்பூர நேரம்

எங்களிடம் வண்டி எடுத்தால் முதலில் கோயில் வாசலுக்குத்தான் போகும். அப்படி ஒருநாள் ஒரு குடும்பம் என்னையும் கூட அழைத்துப் போனது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. வண்டி வாங்கிய அம்மா இஞ்சினை ஓடவிட்டபடி கைகூப்பி உட்கார்ந்திருந்தார். குருக்கள் கற்பூரத்தை ஏற்றித் தட்டைத் தூக்கிய அதே நேரம் இஞ்சின் நின்றுபோனது.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய அண்ணன் என் பக்கம் திரும்பி, வேறு வண்டி கொடுங்கள் என்றார். கியர் போடாமல், கிளட்சிலிருந்து காலை எடுத்து நின்றால் இந்த வண்டி தானே அணைந்துகொள்ளும், பெட்ரோலும் மிச்சம், புகையும் மிச்சம், கிளட்சை மிதித்தால் கிளம்பிவிடும் என்று படபடவென்று சொன்னேன். மிதித்தார், கிளம்பியது. ஆனாலும் யார் முகமும் தெளியவில்லை. குருக்கள்தான் என் மானத்தைக் காப்பாற்றினார்.

"தீபாராதனை காட்டறச்சே சத்தம் போடாம நில்லுங்கோன்னு தினம் மனுஷாள்ட்ட சொல்லி எனக்குத் தொண்டத் தண்ணி வத்திப்போறது. இந்த வண்டி சொல்லாமலே கேட்டுண்டுடுத்து, பேஷா எடுத்துண்டு போங்கோ."

மனு

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்பவர் ஒருவர், பழைய ஜீப்பை விட்டுவிட்டுப் புது வண்டிக்கு வந்தார். ஜீப்பில் மிதித்தால் பின்னால் கரும்புகை, முன்னால் பாய்ச்சல். இதில் அந்த வேகம் இல்லையே என்று அவருக்கு மனக்குறை. அந்தக் காலத்து இஞ்சின் மிதித்த உடனே டீசலைக் கொட்டும், எரியாத டீசல்தான் கரும்புகையாகப் போனது, இப்போது எவ்வளவு காற்று இருக்கிறதென்று கம்ப்யூட்டர் பார்த்துவிட்டுத்தான் டீசலை விடும் என்றேன்.

"அப்ப நான் நெனச்சது சரிதான். மிதிச்சா மனு குடுத்த மாதிரி இருக்குது. வாங்கி வெச்சுக்குது, ஆனா ஒடனே நடக்க மாட்டேங்குது."

கெடு

ஏழுமலை மறுபடி வந்தார். இந்தத் தடவை வண்டியை இழுத்துக்கொண்டு வரவேண்டியதாகிவிட்டது. ஆரஞ்சு விளக்கோடே ஓட்டியிருக்கிறார். ஃபில்டர் அடைத்துக்கொண்டால், இஞ்சின் கெடாமல் இருக்கக் கம்ப்யூட்டர் வண்டியின் சக்தியைக் குறைத்துவிடும். பெங்களூரிலிருந்து வந்த வயதான தம்பதி உள்ளே இருக்கும்போது, பாதிக் கிரிவலத்தில் வண்டி நொண்ட ஆரம்பித்துவிட்டது. அவர்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். இன்னொரு தடவை கெஸ்ட் நடுரோட்டில் நின்றால் வேறு காரை வைத்துக்கொள்வேன் என்று லாட்ஜ் மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த லாட்ஜை விட்டால் ஏழுமலைக்கு வேறு ஓட்டம் இல்லை.

கத்துகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. திண்டிவனம் ரோட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை சும்மாவாவது வேகமாகப் போய்வாருங்கள் அண்ணா என்று கெஞ்சினேன்.

"போய்ப் பாத்தேம்மா. ஆள் இல்லாம வெறும் வண்டிய வேகமா ஓட்டுனா, எதுக்குடா இந்த ஓட்டம்னு என் மனசே கேக்குது. காலு தானா எடுத்துக்குது."

காருக்கு உரம்

பெரிய டீசல் வண்டிகள் சிலவற்றில் தனியாக ஒரு சின்ன டேங்க் உண்டு. யூரியாவைச் சுத்தமான தண்ணீரில் கலந்து விற்கிற ஒரு திரவத்தை அதில் ஊற்ற வேண்டும். புகையிலுள்ள நச்சை அது குறைக்கும். இதை ஒரு விவசாயிக்கு நான் அழகாக விளக்கியிருந்தேன். ரொம்ப அழகாக விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. மறுநாள் காலையில் போன். ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை கிலோ போடணும் என்று கேட்டார். பக்கத்தில் உர மூட்டையைப் பிரித்துவைத்துக்கொண்டு, குடமும் கையுமாக நிற்கிறார்.

நான் போட்ட சத்தத்தில் ஷோரூமே திரும்பிப் பார்த்தது. வயலுக்குப் போடுகிற உரம் வேறு, அதிலிருக்கிற அழுக்கு போனால் வண்டியே அடைத்துக்கொள்ளும், அந்தத் திரவத்தை டின்னில்தான் வாங்க வேண்டும் என்றேன். அந்தப் பக்கமிருந்து பெரிய நிம்மதியோடு ஒரு குரல் வந்தது.

"அப்ப சரி மேடம். நெல்லுக்கே ஒரு மூட்ட வாங்க வரிசையில நின்னேன். இதுல காருக்கும் பங்கு குடுக்கணுமேன்னு ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

சூரியனை மட்டும் தெரிந்தவர்

ஜினதாஸ் நயினார் ஊருக்குள் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். வீடு கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு ஜைன கிராமத்தில். ஏழுமலை வாங்கிய அதே மாடல், அதே வாரத்தில் எடுத்தவர். சர்வீஸுக்கு வந்தபோது சலீம் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஃபில்டர் துடைத்து வைத்தது போல இருந்தது. ஆரஞ்சு விளக்கு ஒருநாள்கூட எரிந்ததில்லையாம்.

எப்படி ஓட்டுகிறீர்கள் ஐயா என்று கேட்டேன். அவர்கள் வீட்டில் இருட்டிவிட்டால் சாப்பிடுகிற வழக்கமில்லை. அதனால் தினமும் பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்தாக வேண்டும். கடையை விட்டுக் கிளம்பினால் வழியில் டீ கிடையாது, பேச்சு கிடையாது, ஒரே பிடியாகப் போய்விடுவார். அப்படியே பேச்சோடு பேச்சாக, அடுத்த வாரம் கண்புரை ஆபரேஷன், கொஞ்ச நாளைக்கு ஓட்டக் கூடாது, நல்ல டிரைவராக யாராவது கிடைப்பார்களா என்றும் கேட்டார். என் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது, ஆரஞ்சு இல்லை, பச்சை. டிரைவர் இருக்கிறார், ஆனால் அவருடைய காரில்தான் போகணும், அந்த வண்டியின் ஃபில்டருக்கு உங்கள் ரோடு தேவைப்படுகிறது என்றேன். தன் காரை மருமகள் எடுத்துக்கொள்ளட்டும் என்று உடனே சம்மதித்துவிட்டார்.

"ஃபில்டர்னு ஒண்ணு இருக்குதுன்னே எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சது சூரியன் மட்டுந்தான்."

முதல் நாள்

சாயங்காலம் லாட்ஜ் கெஸ்டுகள் கோயிலுக்குள் இருப்பார்கள், ஏழுமலை சும்மாதான் இருப்பார். அதனால் நேரம் ஒத்துவந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஓட்டம் தொடங்கி ஒரு வாரம் கழித்து ஏழுமலை வந்து, என்ன நடந்தது என்று சொன்னபோதுதான் ஒன்று உறைத்தது. அவருடைய நாற்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து நயினார் முதல்முதலாக ஏறிய நாளும் அதே ஊர்வலம்தான். பஸ் தாண்டிப் போயிற்று, டிராக்டர்கூடத் தாண்டிப் போயிற்று. கீழ்பென்னாத்தூர் தாண்டும்போதே சூரியன் போய்விட்டது. வாசலில் காத்துக்கொண்டிருந்த அந்த வீட்டம்மா வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, எடுத்து வைத்திருந்த சாப்பாட்டை மூட உள்ளே போனார். நயினார் இறங்கி, நாளைக்குப் பார்க்கலாம், பத்திரமாகப் போங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கண் ஆபரேஷன் ஆன மனிதர் வெறும் வயிற்றோடு படுக்கப் போனதை ஏழுமலையால் தாங்க முடியவில்லை. மறுநாள் வண்டி எழுபதில் போயிற்று. சூரியன் பனைமரத்துக்கு மேலே நிற்கும்போதே நயினார் கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாராம். அன்றிலிருந்து தினமும் எழுபதுதான். சலீம் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். ஃபில்டர் சுத்தமாக இருந்தது.

"அந்தப் பெரியவரு ஒரு வார்த்த திட்டல மேடம். திட்டியிருந்தார்னா நான் நாப்பதுலயே போயினு இருப்பேன்."

கண் தெளிந்த பிறகு

லாட்ஜில் அதற்குப் பிறகு எந்தக் கெஸ்டும் நடுரோட்டில் நிற்கவில்லை. மேனேஜர் தான் வைத்த கெடுவையே மறந்துவிட்டார். வேகமாகப் போனால் டீசல் ஜாஸ்தி குடிக்கும் என்று பயந்த ஏழுமலையே, மைலேஜ் முன்னைவிடத் தேவலாம் என்று ஒத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்குச் சம்பளம் வாங்கியதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

போன வாரம் நயினார் கடைக்கு ஒரு குத்துவிளக்கு வாங்கப் போயிருந்தேன். கறுப்புக் கண்ணாடி இல்லை, விலைச்சீட்டைத் தூரத்திலிருந்தே படிக்கிறார். ஆபரேஷன் ஆகிப் பல மாதம் ஓடிவிட்டது. ஆனால் வாசலில் ஏழுமலையின் கார் சாயங்கால ஓட்டத்துக்குத் தயாராக நின்றது. இனி நீங்களே ஓட்டலாமே ஐயா என்றேன். வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்ணு பளிச்சுனு தெரியுதும்மா. ஆனா நான் ஓட்ட ஆரம்பிச்சா அவரு வண்டியில அந்த வெளக்கு எரியுமே."

புகையைக் குறைக்க அரசாங்கம் விதி போட்டது, விதிக்காகக் கம்பெனி ஃபில்டர் போட்டது, அந்த ஃபில்டரைச் சுத்தமாக வைத்திருப்பது மட்டும் எங்கள் ஊரில் பொழுதோடு சாப்பிடுகிற ஒரு பெரியவரின் பொறுப்பாகிவிட்டது.