கடலா ஏரியா என்ற கட்டம்

நில அளவை அலுவலகத்தில் அவளுக்குச் 'சங்கிலி அக்கா' என்று பெயர். அளவுச் சங்கிலி போய் டேப் வந்து, டேப்பும் போய்க் கருவி வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எதையும் தொட்டுப் பார்த்து, முகர்ந்து, முடிந்தால் நாக்கிலும் வைத்துப் பார்க்காமல் எழுத மாட்டாள்.

அதனால்தான் அந்தப் படிவத்தின் ஏழாவது கட்டம் ஒரு மாதமாக அப்படியே கிடந்தது. 'கிழக்கு எல்லை: கடல் / ஏரி.' ஒன்றை அடித்துவிட வேண்டும்.

கிழக்கே மறுகரை தெரியாத தண்ணீர். ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்குகிறது. அது விட்டுப்போன மண்ணில் அவளுடைய அண்ணன் படகு பழுதுபார்க்கும் கொட்டகை போட்டிருந்தான். ஏரி என்றால் அந்த மண் கரையோர வீட்டுக்காரனுக்கு, அதாவது அண்ணனுக்கு. கடல் என்றால் அரசாங்கத்துக்கு. கொட்டகையைப் பிரிக்க வேண்டியதுதான்.

அவள் வடக்கே ஆற்று முகத்துவாரம் வரை போய் ஒரு கை அள்ளிக் குடித்தாள். நல்ல தண்ணீர். தெற்கே உப்புக் கரித்தது. ஐந்து ஆறுகள் உள்ளே வருகின்றன, ஒன்றுகூட வெளியே போவதில்லை. நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடுகிறது. பழைய வரைபடங்களை விரித்தால் இக்கரைக்காரர்கள் கடல் என்றும் அக்கரைக்காரர்கள் ஏரி என்றும் எழுதியிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே தண்ணியத்தானே பாத்தீங்க?" என்று வரைபடத்தையே கேட்டாள்.

சந்தேகம் தீராவிட்டால் அந்தப் படகுத்துறையின் மூத்த படகுக்காரர் சொல்வதை எழுது என்றது விதி. மூத்தவர் வேறு யாருமில்லை, அண்ணன்தான்.

கொட்டகையில் அவள் படிவத்தை நீட்டியபோது அண்ணி கண்ணாலேயே அவனுக்குப் பாடம் நடத்தினாள்.

"ஏரி. எழுதிக்கோ," என்றான் அண்ணன்.

பலகை இழைத்துக்கொண்டிருந்த அண்ணியின் தம்பி தலை நிமிராமல் கேட்டான்: "போன மழைக்காலத்துல அலையில மாட்டி, என் இடுப்பக் கட்டிக்கிட்டு மூணு நாள் அழுதீங்களே மாமா, அது ஏரியிலயா?"

சுற்றி இருந்த படகுக்காரர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

அண்ணனுக்குக் காது சிவந்தது. "கடல்னு போடு," என்றான்.

"யோசிச்சுச் சொல்லுண்ணே. கொட்டகை போயிடும்."

"போகட்டும். ஏரியப் பாத்து எவனாவது அழுவானா?"

"அழுகைக்கு ஏத்த தண்ணி வேணுமாம் இவருக்கு," என்ற அண்ணி, கூரைத் தகடு இறக்க ஏணியைத் தேடிப் போனாள்.

சங்கிலி அக்கா 'ஏரி'யின் மேல் கோடு போட்டாள்.