என் ஏச்சுக்குப் பக்கவாத்தியம்

புதிதாகத் திறந்த தனியார் ஆஸ்பத்திரியில் போன கிழமை கை கழுவப் போனேன். குழாயில் திருகு இல்லை. கையை நீட்டினால் தண்ணீர் வரும் வகை. நீட்டினேன், வரவில்லை. கிட்டக் கொண்டுபோனேன், விலக்கினேன், விரல்களை விரித்து ஆட்டினேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் மெல்ல இரண்டடி தள்ளிப்போனார். பேய் பிடித்தவள் என்று நினைத்திருப்பார், பாவம். எனக்கோ தண்ணீரே மறந்துபோயிருந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிப்போவீர்கள். எனக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போனது. வாய் பேசுவேன், உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வேன். கோபம் வந்தால் மட்டும் வாய் பின்னுக்குப் போய்விடும், கை முன்னுக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட நான் ஒரு காலத்தில் இசைக்குழு ஒன்றில் இருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன கேட்கவா போகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் ஒரு கடைக்குள்ளிருந்து ஈயப் புகை மணத்தது. அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. அந்த இசைக்குழுக் காலத்தில் எனக்கு மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு போன் திருத்தும் கடையில் வேலை. தலைமுடி போன்ற கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டுவது என் பகுதி. வாடிக்கையாளர் ஏசினாலும் எனக்குக் கேட்காது என்பதால் முதலாளி என்னை முன் மேசையிலேயே இருத்தியிருந்தார். கெட்டிக்கார மனுஷன்.

அங்கேதான் ரூபன் வந்தான். கோயில் திருவிழா, மாதா கோயில் பெருநாள் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவன். சும்மா இருக்கவே தெரியாத பிறவி. உடைந்த வான்களிலிருந்து கழற்றிய சின்னக் கண்களைக் கொண்டுவந்து ஒருநாள் மேசையில் கொட்டினான். வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கையில் மதில் கிட்ட வந்தால் கீச்சிடுமே, அந்தக் கண்கள்.

"இதுக்கு முன்னால கையை ஆட்டினா சத்தம் வரவேணும் புள்ள. செய்ய ஏலுமா?"

அவனுடைய மீசை மேல் உதட்டை முழுதாக மூடியிருக்கும். மூன்று முறை கேட்டுத்தான் பிடித்தேன். பிடித்த பிறகு விடவில்லை. பால்மாத் தகரங்களுக்குள் கண்களையும் கம்பிகளையும் அடைத்து, குழுவில் சேர்ந்த எங்கள் மூன்று பேருக்கும் ஒவ்வொன்று செய்தேன். எத்தனை தடவை புகைந்தது, எத்தனை தடவை விரல் சுட்டது, விடுங்கள். தகரத்துக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால் சத்தம் மெலிந்து மேலே போகும், விலக்கினால் தடித்துக் கீழே இறங்கும் என்றார்கள். எனக்கு அது வேறு மாதிரி. ஒலிபெருக்கிப் பெட்டிமேல் ஒரு பலகையைப் போட்டு, வெறுங்காலோடு ஏறி நின்றேன். தடித்த சத்தம் முழங்கால்வரை ஏறியது. மெல்லியது பெருவிரலில் கூசியது.

வாவிக்கரையில் ரூபனின் பெட்டிகள் அடுக்கும் அறைதான் எங்கள் இடம். எங்கள் வாவியில் மீன் பாடும் என்று வெளியூர்க்காரர் கேட்டு வருவார்கள். கேட்டவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஊரில் எல்லாரும் என்னோடு சமம்.

மூன்றாவது ஆள் பைசல். ஓட்டமாவடியில் மாமாவின் அரிசி ஆலையில் வேலை. ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்குவான், புருவத்தில் தவிடு இருக்கும். ஏற்கெனவே உள்ள பாட்டு எதையும் வாசிப்பதில்லை என்பது எங்கள் ஒப்பந்தம். யாராவது கையைத் தூக்கித் தொடங்குவார், மற்றவர்கள் பார்த்துச் சேரவேண்டும். ஒருவர் போகும் பக்கம் போகலாம், குறுக்கேயும் நிற்கலாம். எல்லாருடைய கையும் தானாக இறங்கும்போது முடியும். ரூபன் நாற்சந்தியில் வாகனம் மறிக்கிறவன்போல நிற்பான். பைசல் கண்ணை மூடிக்கொள்வான். அவன் கண்ணை மூடினால் எனக்குக் கடுப்பு வரும், பார்க்காமல் என்ன சேர்வது? நான் அவர்களின் தோளையும் முழங்கையையும் பார்த்துப் பார்த்துத்தான் சேர்ந்தேன். பிழைவிட்டதும் உண்டு. அவர்கள் மட்டும் பிழைவிடவில்லையா?

அப்படியிருக்கக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு மண்டபத்தில் வாசிக்க வேண்டுமாம். அன்றைக்கு நான் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அறையின் மற்றப் பக்கத்தில் ரூபன் பைசலிடம் சொன்னான்.

"அவ வேணாம் மச்சான். மேடையில பிழைச்சா ஆரு பதில் சொல்லுற? நாம ரெண்டு பேரும் போவம். தகரம் பழுதானா மட்டும் அவகிட்டக் குடுப்பம்."

காது கேட்காதவளுக்குத் தெரியாமல் ரகசியம் பேசுவதென்றால் முதுகைத் திருப்பவேண்டும். அந்தப் புத்திகூட அவனுக்கு இல்லை. பெருநாளுக்கென்று மீசையை வேறு கத்தரித்திருந்தான். ஒரு சொல் தப்பாமல் உதட்டில் வாசித்தேன்.

கோப்பையை வைத்தேனா, போட்டேனா தெரியாது. நேரே போய் அவர்களுக்கு முன்னால் நின்றேன். நான் நின்றது என் தகரத்துக்கு முன்னால். வாய் பின்னுக்குப் போயிற்று. கைகள் கிளம்பின. நான் செய்தேன். எல்லாவற்றையும் நான் செய்தேன். விரல் சுட்டுக்கொண்டு செய்தேன். நீ மேடையில் நிற்பாய், நான் ஈயம் வைக்கவா? நான் என்ன உன் ஆணிப்பெட்டியா?

காலடியில் பலகை இல்லை, அதனால் தகரம் கத்துவது எனக்குத் தெரியவில்லை. நான் கண்டதெல்லாம் அவர்களின் முகம். ரூபனின் கண் விரிந்தது. சரி, உறைக்கிறது என்று நினைத்தேன். அவன் மெல்லக் கையைத் தூக்கினான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். பைசல் அவசரமாகத் தன் போனில் பதிவை அழுத்திவிட்டுத் தகரத்துக்கு ஓடினான், கண்ணை மூடினான். அடப் பாவிகளா! சேர்ந்து வாசிக்கிறார்கள்!

நான் இன்னும் ஏசினேன். அவர்கள் இன்னும் உற்சாகமாகச் சேர்ந்தார்கள். நான் அழுதுகொண்டே ஏசினேன், ரூபனுக்கும் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு அநியாயத்தை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா? மனம் வெடித்துச் சொல்கிறேன், அவர்கள் பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள்.

ஒலிபெருக்கிக்குக் கரண்ட் போகும் கம்பியைப் பிடித்து இழுத்தேன். எல்லாம் நின்றது. பைசல் கண்ணைத் திறந்தான். அதே இடத்தில் நின்று, அதே வார்த்தைகளை, ஒவ்வொன்றாக, மெதுவாகத் திரும்பவும் கையால் சொன்னேன். இந்த முறை சத்தம் இல்லாததால் அவர்களுக்குப் பார்க்கவேண்டி வந்தது. அந்த நாலைந்து மாதத்தில் என்னிடமிருந்து பிடித்த கொஞ்ச நஞ்சக் கைமொழியை வைத்து இரண்டு பேரும் விளங்கிக்கொண்டார்கள். ரூபனின் கைகள் எங்கே போவதென்று தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் போயின. வெளியே போனான். மறுகா மூன்று கோப்பை பிளேன்ரீயோடு திரும்பி வந்தான்.

"நீயும் வா புள்ள," என்றான்.

அப்போதுதான் வாய் திரும்ப வந்தது. "என்னை வா எண்டு சொல்ல நீ ஆரு? நான்தான் உங்களக் கூட்டிக்கொண்டு போறன்."

போனோம். மேடைக்கு ஏறும்போது ரூபன், "அண்டைக்கு வாசிச்ச மாதிரி ஒருக்கா," என்று கெஞ்சினான். கேட்டவுடன் வருவதற்கு அது என்ன தண்ணீர்க் குழாயா? சுமாராக வாசித்தேன், கை தட்டினார்கள். அதன் பிறகு ஒரு வருஷம் ஞாயிறுகள் நன்றாகத்தான் போயின. பிறகு பைசல் கட்டாருக்கு, ரூபன் கனடாவுக்கு. அந்த அறையை இடித்துக் கல்யாண மண்டபத்துக்கு வாகனத் தரிப்பிடம் ஆக்கிவிட்டார்கள். அங்கே பின்னுக்கு எடுக்கும் வான்கள் இப்போது கீச்சிட்டுக்கொண்டிருக்கும். என் தகரமும் துருப்பிடித்துப் போயிற்று.

நான் ஏசிய அன்றைய பதிவைப் பைசல் சில மாதங்களுக்கு முன் அனுப்பியிருந்தான். "நாம வாசிச்சதில இதுதான் திறம்" என்று எழுதியிருந்தான். எனக்கு எதற்கு என்று திறக்காமலே விட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் குழாய் கிளறிவிட்டதால் அன்று பின்னேரம் போனை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் அதை ஸ்பீக்கரில் போட்டார். நான் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.

"வடிவா இருக்கு," என்றார். "கொஞ்சம் பயமாயும் இருக்கு." என் கைகளிடம் தினமும் வாங்கிக்கட்டுகிறவர் அல்லவா, தெரியும்தானே.

உள்ளங்கையில் துடிப்பு ஓடியது. இது ஆணிப்பெட்டியாக இருக்கும், இது சுட்ட விரலாக இருக்கும் என்று தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை, ஒரே துடிப்பு. திடீரென்று நின்றது. கம்பியை இழுத்த இடம்.

இவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு மறுகா ஒண்டும் இல்ல, காகம்தான் கத்துது," என்று நிறுத்தக் கையைக் கொண்டுபோனார்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிப்பாட்டாதீங்க," என்றேன். "இப்பதான் நான் கதைக்கிறன்."