மாப்பிள்ளை வீட்டார்

ஞாயிற்றுக்கிழமை என்றாலே முனிராஜுக்குப் பிடிக்காது. ஊரெல்லாம் லீவுக்கு ஏங்கும்போது, இவன் மட்டும் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, "இந்த ஞாயிறு ஓ.டி. இருக்கா சார்?" என்று தலையைச் சொறிவான். ஓசூர் சிப்காட் பக்கத்தில் ஒற்றை அறை. அடுத்த அறைகளில் ஒடிசாக்காரர்கள் கூடிச் சமைத்து, கூடிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஒரு சொல்லும் இவனுக்குப் புரியாது. காலையில் டீக்கடையில் "ஒரு டீ", சாயங்காலம் மறுபடி "ஒரு டீ". அன்றைக்கு அவன் வாய் திறந்தது அவ்வளவுதான். வயது முப்பத்தெட்டு. அதில் பதினாறு வருஷம் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பிலேயே போய்விட்டது.

ஜோதிமணி அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. நாகரசம்பட்டிக்காரி, ஓசூரில் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு இரண்டு சீட் பின்னால் எட்டு மாதம் உட்கார்ந்து வந்ததுதான் முனிராஜ் செய்த ஒரே சாகசம். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவளே திரும்பினாள்.

"ஒரு காப்பி குடிக்கலாமான்னு கேக்கறதுக்கு இன்னும் எத்தினி மாசம் ஆவும்?"

அந்த ஞாயிறு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்தார்கள். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பழகியவனுக்கு, மெதுவாகப் பேசுவது எப்படி என்றே மறந்துபோயிருந்தது. என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததில் இருந்து ஒன்றை எடுத்துக் கேட்டான்.

"உங்களுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆவல?"

ஓட்டல் முழுக்கக் கேட்டது. சப்ளையர் தட்டோடு நின்றுவிட்டார். பக்கத்து மேசை அம்மாள் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஜோதிமணி தோசையைப் பிட்டபடி சாவகாசமாகச் சொன்னாள்.

"அஞ்சு வருசத்துக்கு முன்னாடி இருவத்திரண்டு பேரு பொண்ணு பாக்க வந்தாங்க. நல்லா சாப்ட்டாங்க. ஊருக்குப் போயிச் சொல்லியனுப்பறோம்னாங்க. இன்னும் ஊரு போய்ச் சேரலபோல."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முனிராஜ் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தான். அவள்தான் முதலில் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஷிஃப்ட் ஒத்துவரும் ஞாயிறுகளில் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷமாக இருந்தான் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அவள் ஊருக்குப் போன வாரங்களில் அந்த அறை முன்னைவிட மோசமாகிவிட்டது. யாரும் இல்லாதபோது பழகிப்போயிருந்த தனிமை, ஒருத்தி வந்தபிறகு பழக மறுத்தது. இவளும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவனைச் சோறு தின்ன விடவில்லை.

ஒரு வருஷம் கழித்து மலைக்கோயில் படியில் உட்கார்ந்திருக்கையில் ஜோதிமணி சொன்னாள்: "அப்பாகிட்ட சொல்லிட்டன். மொறையா ஆளுங்களக் கூட்டிக்கினு வந்து கேக்கச் சொன்னாரு."

"ஆளுங்கன்னா?"

"ஊரையே கூட்டிக்கினு வர வேணாம். உங்க அண்ணன் ஒருத்தர் வந்தாப் போதும். நாளைக்கு ஒண்ணுன்னா யாரப் போயி கேக்கறதுன்னு அப்பாவுக்கு பயம்."

முனிராஜ் தலையை மட்டும் ஆட்டினான். அஞ்செட்டியில் ஓர் அண்ணன் இருக்கிறான் என்பதுவரைதான் அவளுக்குச் சொல்லியிருந்தான். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

மீதி இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு முடியவில்லை என்று அண்ணன் ராமப்பன் போன் செய்தான். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு முனிராஜ் அன்றைக்கு டபுள் ட்யூட்டி பார்த்தான். கம்பெனி வாசலிலேயே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வெளியே வந்து எடுத்தபோது பதினோரு மிஸ்டு கால். அஞ்செட்டிக்கு இருக்கும் சொற்ப பஸ்களில் ஒன்றைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைப் புதைத்து மண் தள்ளி முடித்திருந்தார்கள். ராமப்பன் அன்றைக்குத் தம்பியோடு பேச்சை விட்டவன்தான்.

இப்போது அந்த அண்ணன் முன்னால் போய் நின்றான். அண்ணி முனிலட்சுமி களியும் கீரையும் போட்டாள். ராமப்பன் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"அம்மாவுக்கே வராதவனுக்கு நான் என்னாத்துக்கு வரணும்?"

இரண்டு வருஷத்தில் அண்ணன் பேசிய ஒரே வார்த்தை. அதில் தப்பு என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் திரும்பும்போது முனிராஜ் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

கூட வேலை செய்யும் ஆனந்தராஜ், "நான் வர்றன், சித்தப்பா பையன்னு சொல்லு, யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பெண் கேட்கும் இடத்தில் பொய்யோடு உட்கார முனிராஜுக்கு மனசு வரவில்லை.

ஆகவே அந்த ஞாயிறு புது எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, நாகரசம்பட்டியில் தனி ஆளாகப் போய் இறங்கினான்.

வீட்டில் எதிரெதிராக இரண்டு பாய் விரித்திருந்தார்கள். ஒன்றில் ஜோதிமணியின் அப்பா தீர்த்தகிரியும் பங்காளிகள் நான்கு பேரும். இன்னொன்று பத்துப்பேர் உட்காரும் நீளம். அதன் ஓரத்தில் முனிராஜ்.

"மத்தவங்க பின்னால வர்றாங்களா தம்பி?"

"யாரும் வர்லீங்க."

"அண்ணனுக்கு ஏதாச்சும் வேலையா?"

கிழவர் நல்ல மனுஷர், சாக்கையும் அவரே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்றால் போதும். முனிராஜ் தட்டைப் பார்த்துக்கொண்டே டபுள் ட்யூட்டியில் தொடங்கி மண் தள்ளியதுவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"பெத்தவளுக்கே போவாதவன்..." என்று தீர்த்தகிரி இழுத்தார். பங்காளிகள் தரையைப் பார்த்தார்கள்.

ஜோதிமணி உள்ளேயிருந்து வந்து நின்றாள். அவளும் இப்போதுதான் கேட்கிறாள்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீயும் போயிடுவன்னு பயம்."

முனிராஜ் எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றினான். அதற்குள் அவள் வந்து, அந்த நீளப் பாயில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டை எடுத்து அப்பா பக்கமாக நகர்த்தினாள்.

"அஞ்செட்டியில இருந்து வந்திருக்கறோங்க. உங்க பொண்ணு ஜோதிமணிய எங்க முனிராஜுக்குக் கேக்கறோம். அவரு செஞ்சது தப்புதான். அது எங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் கேக்கறோம்."

"எந்திரி ஜோதி. இதென்னா வெளயாட்டு?"

அவள் எழவில்லை. தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த அம்மா பாப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தீர்த்தகிரி மகளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு, வந்த சம்பந்தி வீட்டாரிடம் கேட்பதுபோலவே மரியாதையாகக் கேட்டார்.

"சாப்பாட்டுக்கு உங்க பக்கம் எத்தினி பேருங்க?"

"ரெண்டு பேருங்க" என்றாள் ஜோதிமணி.