ராஜா படத்துக்கு ஆள் சேர்த்தவர்

மலாயாவின் ஈப்போ நகரில் பயாஸ்கோப்புக் கொட்டகை வாசலில் அவரை நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். ஒல்லியான உடம்பு, முறுக்கிய மீசை. தமிழ் ஆள் யார் போனாலும் நிறுத்துவார்.

"சிரிப்புப் படம் வேணாம் தம்பி. ஞாயித்துக்கிழமை பழைய காலத்து ராஜா படம் வருது. கோட்டை, யானை, வாள் சண்டை எல்லாம் இருக்கு. கூட்டாளிங்களையும் கூட்டிட்டு வாங்கலா."

கொட்டகைக்காரர் வைத்த ஆள் என்றுதான் நினைத்தேன். ஆனால் படம் ஓடும்போது அவர் திரைக்கு முதுகைக் காட்டி நின்று எங்கள் முகங்களையே பார்த்தார். நானோ ரப்பர் தோட்டத்திலிருந்து ஓடிவந்து ஈயச் சுரங்கத்தில் ஒளிந்திருப்பவன். இவர் ஓடிப்போனவர்களைப் பிடிக்கத் தோட்டத்துக் கங்காணி அனுப்பிய ஆளோ?

பயத்தை மறைக்கக் கிண்டல் செய்தேன்.

"என்னண்ணே, ராஜா அந்தப் பக்கம்ல சண்ட போடுறாரு? எங்க மூஞ்சில என்னா ஓடுது?"

"தம்பியத் தேடுறேன். தோட்டத்த விட்டு ஓடிட்டான். ராஜா கதைன்னா அவனுக்கு உசுரு, எங்க இருந்தாலும் வருவான். எடது காது பாதிதான் இருக்கும். பாத்தியா?"

"இல்லண்ணே."

அப்படி ஒருவன் சுரங்கத்துக் குடிசையில் என் பக்கத்துப் பாயில்தான் படுப்பான். அன்று காய்ச்சல் என்று வரவில்லை. இவர் நிஜமாகவே அவன் அண்ணன் என்றால் நான் செய்தது பாவம். ஆனால் கங்காணியின் ஆளும் இப்படித்தானே சொல்வான்?

திரும்பியதும் அவனிடம் கேட்டேன்.

"டேய், ஒனக்கு அண்ணன் இருக்காரா?"

அவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "எதுக்குக் கேக்குற? யாரு கேக்கச் சொன்னா?"

"சும்மாதான்லா."

அடுத்த ராஜா படத்துக்கு அவனை நான் போகவிடவில்லை. அந்த மனிதரின் முகத்தில் அவன் ஜாடை இருந்ததா என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.