பிளக்கில் கண்ட கீறல்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கொம்பியூட்டரைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாதுதான். ஒரு கொம்பியூட்டரை வாங்கவிடாமல் பண்ணினேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

கோப்பாயில் ஒரு வீட்டில் நானும் என் தங்கையின் மகளும் இருந்தோம். தங்கை இப்போது இல்லை. பிள்ளைக்கு முப்பது வயது நெருங்குகிறது. வீட்டுப் பிளான் கீறுவது அவளுடைய தொழில். முந்தி பெரிய தாளில் அடிமட்டம் வைத்துக் கீறுவார்கள். இவள் கொம்பியூட்டரில் கீறுவாள். வீடு கட்ட முதலே அந்த வீட்டுக்குள் நடந்து பார்க்கிற மாதிரிக் காட்டுவாள். ஒருமுறை எனக்கும் காட்டினாள். குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், வெயில் விழுந்து கிடந்தது. கட்டாத வீட்டுக்குள் எப்படி வெயில் வந்தது என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்கு அது இன்றுவரை விளங்கவில்லை.

அவளுக்குக் கொழும்பில் ஒரு கட்டடக் கொம்பனி வேலை கொடுத்தது. இரண்டு வழி சொன்னார்கள். சொந்தமாக ஒரு பலமான கொம்பியூட்டர் இருந்தால் கோப்பாயில் இருந்தபடியே வேலை செய்யலாம். இல்லாவிட்டால் கொழும்புக்கு வர வேண்டும், வேலை செய்கிற கந்தோரில் அவர்களே கொம்பியூட்டர் கொடுப்பார்கள். எது என்று மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும்.

எங்களிடம் இருந்தது பழைய லாப்டொப். பெரிய பிளான் ஒன்றைத் திறந்தால் சோற்றுப்பானை போலச் சூடாகி, உறுமிவிட்டு நின்றுவிடும். ஆகவே புதிது வாங்கினால் பிள்ளை என்னோடு இருப்பாள், வாங்காவிட்டால் போய்விடுவாள். இது எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. போகாதே என்று ஒரு வளர்ந்த பிள்ளையிடம் சொல்ல எனக்கு வெட்கம்.

அந்த நேரம்தான் ஒரு கொம்பனி முதல்முதலாக ஒரு புது மாதிரி லாப்டொப் விட்டது. உள்ளே மூளை புதிதாம். விசிறியே இல்லையாம், சூடு ஏறாதாம், கரன்ட் போனாலும் பொழுதுபடும்வரை நிற்குமாம். எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் அவ்வளவு பலம் வேறு ஒன்றிலும் இல்லை என்றாள் பிள்ளை. திருநெல்வேலியில் ஒரு கடைக்கு ஒன்றே ஒன்று வந்திருந்தது.

பின்வளவு வீட்டில் கொம்பியூட்டர் ரியூசன் சொல்லிக் கொடுக்கிற மாஸ்ரர் ஒருவர் இருக்கிறார். பிள்ளை அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பொறு பிள்ளை" என்றார் அவர். "முதலாவதா வாறதிலை பிழை இருக்கும். வாங்கிற சனம்தான் அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லும். ரெண்டாவதிலை எல்லாத்தையும் திருத்தி விடுவாங்கள். நாங்கள் ஏன் காசு குடுத்து அவங்களுக்குப் பிழை பாத்துக் குடுப்பான்?"

எனக்கு அந்தக் கதை சரியாகத்தான் பட்டது. ஒரு வருடம் புது இன மிளகாய் என்று ஒரு விதை வந்தது. முந்திக்கொண்டு நட்டவர்கள் எல்லோருடைய கன்றும் இலை சுருண்டு போனது. அடுத்த வருடம் அதே விதையைத் திருத்திக் கொண்டுவந்தார்கள். அது காய்த்தது. முதலில் நட்டவர்களை ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

ஆனால் மாஸ்ரரையும் நான் முழுக்க நம்பவில்லை. பொறு என்று சொன்ன கையோடு, "ரெண்டாவது வரும்வரைக்கும் பாவிக்க என்னட்டை ஒரு மெஷின் சும்மா கிடக்கு. வேணுமெண்டால் குறைச்சுத் தாறன்" என்றார். அவர் போன பிறகு பிள்ளை கேட்டாள், "நீங்கள் என்ன பெரியம்மா சொல்லுறியள்?"

"முதல் வாறதை நாங்கள் எடுக்கிறேல்லைத்தானே" என்றேன். "முதல் வாழைக்குலையையும் கோயிலுக்குத்தானே குடுக்கிறம்."

"அப்ப இதையும் வாங்கிப் பிள்ளையாருக்குக் குடுப்பம். அவர் எலியை வைச்சிருக்கிறார், பாவிப்பார்" என்றாள். கொம்பியூட்டருக்கும் எலி என்று ஒரு சாமான் இருப்பது எனக்குத் தெரியும். சிரிப்பு வந்தது. அத்தோடு வாங்குவது என்று முடிவாகிவிட்டது. நான் மறுக்கவில்லை. வாங்கினால் அவள் நிற்பாள். மிளகாய்க் கன்றை மறந்துவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் கைக்கு ராசி உண்டு என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஆராவது புதுச் சாமான் வாங்கினால் முதல் காசை என் கையால் கொடுக்கச் சொல்வார்கள். பிள்ளை இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. இருந்தும் அன்றைக்குக் காசு உறையை என்னிடம் தந்து, ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

கடைக்குள் குளிர்ந்தது. நான் கதிரையின் ஓரத்தில் இருந்தேன். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல மரியாதையான ஆள். "அம்மா, வடிவாச் சாஞ்சு இருங்கோ" என்று சொல்லி ஒரு சோடாவும் எடுத்து உடைத்துத் தந்தார். கேட்காமல் சோடா தருகிற கடையில் எனக்கு எப்போதும் ஒரு யோசனை வரும்.

"இனி இல்லைத் தங்கச்சி" என்றார் பிள்ளையிடம். "ஒண்டுதான் வந்தது. ரெண்டு பேர் இண்டைக்குக் காலமையும் கேட்டவை. அடுத்தது கொழும்பிலை இருந்து வர ரெண்டு மாதம் பிடிக்கும்."

"முதல் மொடல் எண்டுதான் அண்ணை யோசினை."

"முதல் மொடலைத்தான் கொம்பனி கவனமாச் செய்யும். பேர் எடுக்கோணுமே. பிறகு பிறகுதான் கள்ளம் பண்ணுவாங்கள்."

மாஸ்ரர் சொன்னதற்கு நேர் எதிர். இரண்டு பேரும் சத்தியம் பண்ணுகிற மாதிரித்தான் சொன்னார்கள்.

அவர் பெட்டியைத் திறந்தார். பெட்டியின் வாயில் ஒட்டியிருந்த பசை ரேப்பைக் கத்தியால் வெட்டவில்லை. நகத்தால் கிளப்பினார். அது சத்தமில்லாமல் கழன்று வந்தது. புது ரேப் அப்படிக் கழலாது, கடதாசியையும் பிய்த்துக்கொண்டு வரும். பிள்ளை அதைப் பார்க்கவில்லை. அவளுடைய கண் உள்ளே இருந்த சாமானில் இருந்தது. மெல்லிய, சாம்பல் நிறமான சாமான். அவள் அதைத் தடவிய விதத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

பிறகு சார்ஜர் வயரை எடுத்து மேசையில் வைத்தார். அதன் நுனி என் பக்கம் கிடந்தது. சுவரில் செருகுகிற மூன்று பித்தளைக் கால். மூன்றிலும் நீளத்துக்குக் கீறல். ஒன்று இரண்டு இல்லை. எங்கள் கிணற்றடி மோட்டருக்கும் அதே மாதிரிப் பிளக்தான். வாங்கிய அன்று அது கண்ணாடி போல மினுங்கியது. நாளுக்கு இரண்டு தரம் போட்டுக் கழற்றித்தான் கீறல் விழுந்தது. இதை ஆரோ கொண்டுபோய்ப் பாவித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அப்ப அம்மா, உங்கடை கையாலை தாங்கோ" என்றார் கடைக்காரர், சிரித்துக்கொண்டு.

பிள்ளையும் என்னைப் பார்த்தாள். உறை என் மடியில் இருந்தது. கொடுத்துவிட்டால் அவள் வீட்டில் இருப்பாள். அதை நினைத்து உறையைக் கொஞ்சம் தூக்கினேன் கூட. பிறகு, புது வேலையின் முதல் மாதத்தில் இது நின்றுபோனால் அவள் ஆருக்கு என்ன சொல்லுவாள் என்று நினைத்தேன். உறையை மடியிலேயே வைத்தேன். ஆனால் ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே, அதுவும் அவர் தந்த சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, இது ஆரோ பாவித்த சாமான் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"பிள்ளை, இண்டைக்கு நவமி" என்றேன்.

கடைக்காரர் திரும்பிச் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். "நவமி விடியவே முடிஞ்சுதம்மா. இஞ்சை போட்டிருக்கு, இப்ப தசமி."

எனக்கு அந்தக் குளிருக்குள்ளும் வேர்த்தது. "அது திருக்கணிதம். நாங்கள் வாக்கியம் பாக்கிறனாங்கள். வாக்கியத்திலை பின்னேரம் வரைக்கும் நவமி நிக்குது."

யாழ்ப்பாணத்தில் இரண்டு பஞ்சாங்கம் ஓடுகிறது. ஒன்றில் முடிந்த திதி மற்றதில் முடிந்திராது. ஒரே ஒழுங்கையில் இருக்கிற அண்ணனும் தம்பியும் வருசப் பிறப்புக்கு வேறு வேறு நேரத்தில் மருத்துநீர் வைத்து முழுகுவார்கள். எது சரி என்று வாதாடி ஒருவரும் வென்றதில்லை. கடைக்காரருக்கும் அது தெரியும்.

"கொம்பியூட்டருக்கும் நவமியோ அம்மா?" என்றார்.

"அதுவும் இரும்புச் சாமான்தானே" என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

உண்மையில் எங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கமும் இல்லை.

பிள்ளை இருபாலைச் சந்தி வரைக்கும் வேகமாக ஓட்டினாள். சந்தி தாண்டி ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"எப்ப இருந்து நாங்கள் வாக்கியம்?"

பிளக்கைப் பற்றிச் சொன்னேன். ரேப்பைப் பற்றியும் சொன்னேன்.

"கடையிலை ஒருக்கால் போட்டுப் பாத்திருப்பினம் பெரியம்மா."

"ஒருக்கால் போட்டால் ஒரு கோடு விழும். அது எங்கடை மோட்டர் பிளக் மாதிரிக் கிடந்தது."

"அதை அங்கையே சொல்லியிருக்கலாமே."

"அந்தாள் சோடா தந்தது."

"குடிச்சனீங்களே?"

"பாதி."

அவள் தலையில் கை வைத்தாள். சிரிக்கிறாளா கோபிக்கிறாளா என்று பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போன் எடுத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டாள். முதலில் அவர், "ஆக்களுக்குக் காட்டத் திறந்தது தங்கச்சி" என்றார். இவள் விடவில்லை. மூன்றாம் தரம் கேட்டபோதுதான், "ஒருத்தர் கொண்டுபோய் ஒரு கிழமை வைச்சிட்டுத் திருப்பித் தந்தவர். பழுது ஒண்டும் இல்லை. அவருக்குப் பிடிக்கேல்லை, அவ்வளவுதான்" என்றார்.

"என்ன பிடிக்கேல்லை?"

"அது சொல்லேல்லை."

பிள்ளை போனை வைத்தாள். "முதலாவதை வாங்கின முதல் ஆளே திருப்பிக் குடுத்திருக்கிறான்" என்றாள். "ரெண்டாவது வரட்டும். அதுவரைக்கும் கொழும்பிலை நிக்கிறன்."

பரவாயில்லை, போய் வாங்கு என்று சொல்ல அன்று முழுக்க எனக்கு வாய் உன்னியது. சொல்லியிருந்தால் வாங்கியிருப்பாள். நான் கீரையை ஆய்ந்துகொண்டு இருந்தேன்.

"தனிய இருப்பியளோ?" என்று கேட்டாள்.

"ஏன், எனக்கென்ன. மாடு நிக்குது" என்றேன்.

மாத முடிவில் காலைப் பஸ்ஸில் போனாள். அடுத்த மாதம் முழுக்கக் கறி எவ்வளவு குறைத்து வைத்தாலும் மிஞ்சியது.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். மாஸ்ரரின் மனைவி வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். "அக்கா, இவரும் அந்தப் புதுக் கொம்பியூட்டரை வாங்கிப்போட்டார். திருநெல்வேலிக் கடையிலை கிடந்ததாம், விலையும் குறைச்சுக் குடுத்திருக்கிறாங்கள். சும்மா பறக்குது. ஒரு குறையும் இல்லை."

பொறு என்று எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். எங்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தான் எடுத்துக்கொள்ள நினைத்தாரோ என்றும் எனக்கு ஓடியது. அது பாவம், அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றும் ஓடியது. இரண்டில் எது என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் அவருடைய வீட்டு யன்னலுக்குள்ளால் அந்தச் சாம்பல் நிறச் சாமானை ஒருநாள் கண்டேன். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

இதைப் பிள்ளைக்குச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன். பின்னேரம் அவள் போன் எடுத்தபோது சொல்லிவிட்டேன்.

"நல்லா ஓடுது எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டாள்.

"மாஸ்ரரின்ரை மனிசி."

"காசு குடுத்து வாங்கினவை கூடாத சாமானெண்டு சொல்லுவினமே? ஒரு வருசம் போகட்டும், பாப்பம்."

என்னைவிட அவள் மோசமாகிவிட்டாள். "என்னாலைதான் நீ அங்கை நிக்கிறாய்" என்றேன்.

"ஓம், உங்களாலைதான்" என்றாள். பகிடியாகச் சொன்னாளா மெய்யாகச் சொன்னாளா, போனில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "ரெண்டாவது மொடல் தை மாதம் வருமாம். ஆனால் இஞ்சை கந்தோரிலை இருக்கிற ஆக்கள், மூண்டாவதுதான் நல்லா இருக்கும், அதுவரைக்கும் பொறு எண்டுகினம். நீங்கள் என்ன சொல்லுறியள் பெரியம்மா?"

அந்த ஆட்களையும் எனக்குத் தெரியாது. அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்களோ, அதுவும் தெரியாது. இரண்டாவதில் என்ன ஒளித்திருக்கிறதோ அதையும் ஆர் கண்டது.

"பிழை இருந்தால் இருக்கட்டும்" என்றேன். "வாங்கிக்கொண்டு வீட்டை வா."

சொல்லி முடித்ததும் முகம் சுட்டது. அவள் மறுமொழி சொல்ல முதல் போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.